எழுத அடம்பிடிக்கும் பிள்ளைக்கு எந்த விளையாட்டு? அரிசித் தட்டு முதல் டேப்லெட் வரை

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் இதைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர், என் தங்கை, ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர். மூன்று வீட்டிலும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை. மூன்று பேருக்கும் ஒரே புகார்தான்: "வாய் ஓயாம பேசுது, பென்சிலைக் கையில கொடுத்தா மட்டும் வயிறு வலிக்குதுங்குது." ஒருவர் அரிசியில் எழுத வைக்கலாமா என்கிறார், ஒருவர் ஆப் வாங்கிப் போட்டுவிட்டார், தங்கை ஏற்கெனவே நாலைந்து விதம் முயன்று பார்த்து வீடு முழுக்கச் சாக்பீஸ் தூளோடு நிற்கிறாள்.

இந்த விஷயத்தில் எனக்கும் பழைய காயம் உண்டு. என் மூத்தவனுக்கு "அ" இருபது தடவை எழுது என்று வீட்டுப்பாடம் வந்த நாட்களில் அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான், நான் தரையில் குப்புறப் படுத்து அவனிடம் பேரம் பேசுவேன். அந்த ஒரு வருடத்தில் ஆறு வழி முயன்றேன். எது ஓடியது, எது படுத்தது, எதில் எனக்குத் தெரியாமல் செலவு ஒளிந்திருந்தது என்று கேட்டவர்களுக்குச் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது

"எழுத மாட்டேன்" என்று பிள்ளை சொல்வது ஒரே வாக்கியம்தான், ஆனால் அதற்குப் பின்னால் குறைந்தது நான்கு வேறு வேறு காரணங்கள் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்காமல் விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று பார்க்காமல் மாத்திரை போடுகிற கதை.

கை. ஐந்து வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகி முடிந்திருக்காது. பென்சிலை முஷ்டியில் பிடித்து, அழுத்தி அழுத்தி எழுதி, நாலு எழுத்தில் கை ஓய்ந்துவிடும். இந்தப் பிள்ளை எழுதுவதை மட்டும் அல்ல, வண்ணம் தீட்டுவதையும் சட்டைப் பித்தான் போடுவதையும்கூடத் தவிர்க்கும். அதுதான் அடையாளம்.

வடிவம். படம் ஜோராக வரையும், எழுத்து என்றால் திணறும். 247 எழுத்துகளில் எது எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பது மனதில் இன்னும் பதியவில்லை.

பயம். இது அதிகமும் நாம் உண்டாக்கியது. ஒரு எழுத்து போடும், அழிக்கும், மறுபடி போடும், நம் முகத்தைப் பார்க்கும், அழிக்கும், தாளில் ஓட்டை விழும்.

எதுக்கு? சுவரில் தன் பேரை எழுதியிருக்கும், நோட்டில் எழுதாது. கையும் சரி, எழுத்தும் தெரியும். இருபது "அ" போட்டு யாருக்கு என்ன லாபம் என்பது அதன் கேள்வி. நியாயமான கேள்விதான்.

காரணத்துக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது மூன்று. நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது (சுத்தம் செய்வதையும் சேர்த்து), தாளும் பென்சிலும் கொண்ட நிஜ எழுத்துக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எத்தனை நாளில் சலிக்கும். காசு ஒரு பெரிய விஷயமே இல்லை, டேப்லெட்டைத் தவிர.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே அட்டவணை:

| விளையாட்டு | எந்தப் பிள்ளைக்கு | நம் வேலை | நிஜ எழுத்துக்குப் பக்கமா | எத்தனை நாள் ஓடும் |
|---|---|---|---|---|
| அரிசி, மணல் தட்டு | வடிவம் பதியாத பிள்ளை | கூட்டிப் பெருக்குவது | தூரம் | இரண்டு, மூன்று வாரம் |
| கோலம், சாக்பீஸ், தண்ணீர்த் தூரிகை | கை வலிக்கும் பிள்ளை, பயப்படும் பிள்ளை | கொஞ்சம் | பாதி தூரம் | மாதக்கணக்கில் |
| கடை, ஓட்டல் விளையாட்டு | "எதுக்கு?" பிள்ளை | நாமும் கூட உட்கார வேண்டும் | மிகப் பக்கம் | நாம் சலிக்கும் வரை |
| சீட்டுப் பெட்டி | ஓரளவு எழுதத் தெரிந்த பிள்ளை | தினமும் பதில் போடுவது | அதுவே நிஜ எழுத்து | நாம் மறக்கும் வரை |
| நீ சொல்லு, நான் எழுதுறேன் | பயப்படும் பிள்ளை, கதை விடும் பிள்ளை | பத்து நிமிடம் | கைக்குத் தூரம், மனதுக்குப் பக்கம் | வருடக்கணக்கில் |
| டேப்லெட் ஆப் | எழுதும் முறை தெரிய வேண்டிய பிள்ளை | இல்லை என்று தோன்றும் | தூரம் | பரிசுப் புள்ளி தீரும் வரை |

## அரிசித் தட்டு, மணல் தட்டு

இது ஒன்றும் இணையம் கண்டுபிடித்ததல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிறகுதான் ஓலை. விஜயதசமியன்று அரிசியிலோ நெல்லிலோ பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" போடுவதை இன்றும் செய்கிறோம், மறுநாளே அந்தத் தட்டை உள்ளே வைத்துவிடுகிறோம், அதுதான் தப்பு. 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து தங்கிய மரியா மாண்டிசோரியின் முறையிலும் இதே யோசனை உண்டு, உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்ப்பது. கண்ணோடு விரலும் சேர்ந்து வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

ஓரம் உயர்ந்த தாம்பாளம், அடி தெரிகிற அளவுக்கு மெல்லிய பரப்பாக அரிசி, அவ்வளவுதான். அரிசியை நிறையக் கொட்டினால் எழுத்து தெரியாது, பிள்ளை குழி தோண்ட ஆரம்பித்துவிடும்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அ"வில் தொடங்காதீர்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில் இருக்கின்றன, நுழைவாயிலில் வைக்க வேண்டிய எழுத்தே இல்லை அது. ட போடுங்கள், இரண்டு கோடு. ப, மூன்று கோடு. அப்புறம் ம. இந்த மூன்றும், மேலே வைக்க ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் எழுதலாம். ர சேர்ந்தால் மரம். ஒரு வாரத்தில் பிள்ளை "பட்டம்" என்று முழுச் சொல் எழுதி பக்கத்தில் பட்டம் வரைந்து வாலும் ஒட்டிவிடும். "அ ஆ இ ஈ" வரிசையில் போனால் ஒரு சொல் எழுத எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒளிந்திருக்கும் செலவு: அரிசி சோபாவுக்கு அடியில் போகும், மாமியாரோ அம்மாவோ வீட்டில் இருந்தால் "சாப்பிடற அரிசியக் காலால மிதிக்கிறீங்களே" என்று ஒரு பேச்சு வரும் (அவர்கள் பக்கம் நியாயம் உண்டு, நான் ஆற்று மணலுக்கு மாறிவிட்டேன்). ரவை மட்டும் வேண்டாம், எறும்பு. வாயில் போடுகிற வயதில் தம்பியோ தங்கையோ இருந்தால் தட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆனால் பெரிய குறை வேறு. எழுதுவது விரல், பென்சில் அல்ல. பென்சில் பிடிக்கிற பிரச்சினை உள்ள பிள்ளைக்கு இது ஒரு உதவியும் செய்யாது. தட்டில் அழகாக எழுதுகிறான், நோட்டில் ஏன் எழுதவில்லை என்று நான் இரண்டு மாதம் குழம்பியது இதனால்தான்.

## கோலம், சாக்பீஸ், தண்ணீர்த் தூரிகை

கோலமாவைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்த்துக் கிள்ளித்தானே எடுக்கிறோம்? பென்சிலைப் பிடிக்க வேண்டியதும் அதே மூன்று விரல்கள். முஷ்டியில் பென்சில் பிடிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது, அதுவும் பயிற்சி என்று அதற்குத் தெரியாமலே நடக்கிறது. மூன்று புள்ளி, மூன்று வரிசை வைத்து இணைக்கச் சொல்லுங்கள். கை பழகியதும் புள்ளியைச் சுற்றி வளைக்கிற சிக்குக் கோலம். ஒ, ண, ஞ எழுத்துகளின் சுழிகளுக்குத் தேவையான திருப்பம் அதில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்குக் கோலமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் மாவுக் கிண்ணத்தை அவர்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

சாக்பீஸ் என்றால் உடைத்துக் கொடுங்கள். கட்டைவிரல் நகம் அளவுத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனிக்குத் தானாக வந்துவிடும். கிரேயானுக்கும் இதே வித்தைதான். முழு நீள கிரேயான் பெட்டியைப் பார்க்க அழகு, துண்டு கிரேயானுக்குத்தான் வேலை அதிகம்.

வாடகை வீடு, சுவரில் கோடு விழுந்தால் அட்வான்ஸில் பிடிப்பார்கள் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு: ஒரு பழைய பெயின்ட் தூரிகை, ஒரு மக்கில் தண்ணீர், மொட்டைமாடித் தரை அல்லது கைப்பிடிச் சுவர். எழுதிய எழுத்து வெயிலில் ஐந்து நிமிடத்தில் காய்ந்து மறைந்துவிடும். பயப்படும் பிள்ளைக்கு இது ஒரு வரம், தப்பு என்று காட்ட ஆதாரமே மிஞ்சாது. சிலேட்டுக்கும் அதே குணம் இருந்தது. கோவை இலை போட்டுத் துடைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல்பத்தைத் தின்ற ஞாபகமும் கூடவே வரும்.

இதில் செலவு என்றால் தூள். இழுப்பு, சளித் தொல்லை உள்ள பிள்ளைக்குச் சாக்பீஸ் வேண்டாம், தண்ணீர் போதும். இன்னொன்று, பெரிய பெரிய எழுத்தாகத் தோளிலிருந்து கையை வீசி எழுதிப் பழகிய பிள்ளை, நோட்டின் இரண்டு கோட்டுக்குள் அடங்க மறுக்கும். அந்த இறக்கத்துக்குத் தனியாகச் சில வாரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது.

## கடை, ஓட்டல், பஸ்

ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இதுதான்.

என் மகன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது ஓட்டல் விளையாட்டால். ஒரு நாள் நான் மேசையில் உட்கார்ந்து, "சர்வர், ரெண்டு இட்லி, ஒரு வடை, காபி சக்கரை கம்மி" என்றேன். "சரிங்க" என்று போனவன் வடையை மறந்துவிட்டு வந்தான். "வடை எங்கே? எழுதி வச்சுக்க வேணாமா?" என்று நான் கோபித்துக்கொண்டதும், கையகலக் குறிப்புநோட்டு ஒன்றை எடுத்து வந்து "இ 2, வ 1" என்று எழுதினான். யாரும் எழுது என்று சொல்லவில்லை. எழுதாவிட்டால் வாடிக்கையாளர் திட்டுவார், அதனால் எழுதினான். அடுத்த வாரம் "இ" என்று இரண்டு ஐட்டம் வந்துவிட்டது, இட்லியும் இடியாப்பமும். இனி ஒரு எழுத்து போதாது என்று அவனே கண்டுபிடித்து "இட்லி", "இடி" என்று நீட்டினான். நான் ஒரு மாதம் கத்தியும் நடக்காததை இடியாப்பம் செய்தது.

கடை என்றால் விலைச்சீட்டு, பில், "இன்று ரொக்கம் நாளை கடன்" போர்டு. பஸ் என்றால் டிக்கெட், ஊர்ப் பேர் பலகை. டாக்டர் விளையாட்டில் மருந்துச்சீட்டு, இதில் கிறுக்கலாக எழுதினாலும் நிஜம் மாதிரியே இருக்கும் என்பதால் எழுத்துச் சரியாக வராத பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும். எண்களும் சேர்ந்து பழகிவிடுவது கூடுதல் லாபம்.

ஒளிந்திருக்கும் செலவு நம் நேரம், அதுவும் நிறைய. அரிசித் தட்டைக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போகலாம். ஓட்டலுக்கு வாடிக்கையாளர் வேண்டும், வாடிக்கையாளர் நாற்பது நிமிடம் உட்கார்ந்து, இல்லாத சாம்பாரைப் பாராட்டி, பில்லில் தகராறு செய்து கிளம்ப வேண்டும். வேலை முடிந்து ஏழரைக்கு வீட்டுக்கு வருகிறவர்களால் தினமும் முடியாது, சனி ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளை, சின்னப் பிள்ளை என்று இரண்டு இருந்தால் கல்லாப்பெட்டிக்கு அடிதடி நடக்கும்.

இன்னொரு செலவு நாக்கைக் கடித்துக்கொள்வது. "தக்காலி கிலோ 20" என்று போர்டு வந்தால் நீங்கள் தக்காளி வாங்க வேண்டும், ளகரப் பாடம் எடுக்கக் கூடாது. எடுத்த கணத்தில் கடை மூடிவிடும். சரி, தப்பாகவே பதிந்துவிடாதா என்று கேட்பீர்கள். அடுத்த முறை நீங்கள் கொண்டுபோகிற பட்டியலில் "தக்காளி" என்று சரியாக எழுதி நீட்டுங்கள். பிள்ளை பார்க்கும். பாலுக்கு ஆங்கிலத்தில் எழுதினாலும் வாங்கிக்கொள்ளுங்கள், "எங்க வீட்டு லிஸ்டில் பால்னுதான் இருக்கு" என்றால் போதும்.

## சீட்டுப் பெட்டி

ஒரு பழைய ஷூ பெட்டியில் வெட்டு போட்டு வாசல் பக்கம் வைத்துவிட்டேன். யார் யாருக்கு வேண்டுமானாலும் சீட்டு போடலாம், இரவில் திறப்போம். நான் முதலில் போட்டது: "நாளை பூரி வேண்டுமா, தோசை வேண்டுமா?" எழுத்தில் பதில் வந்தால்தான் நடக்கும். பதில் வந்தது, "பூரி" என்று, "பூ"வின் வால் தலைகீழாக.

இதில் எங்கள் அம்மாவும் சேர்ந்துகொண்டார். அவர் படித்தது 1978-க்கு முன்னால், அதாவது பெரியார் வலியுறுத்தி வந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்பதற்கு முன்னால். "லை", "னை" எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்து எழுதுவார். பேரன் ஓடிவந்து "பாட்டி தப்பா எழுதிட்டாங்க" என்று புகார் சொன்னான். தப்பில்லை, அப்போ அப்படித்தான், பிறகு மாற்றினார்கள் என்றேன். எழுத்தை மனுஷங்க மாத்தலாமா என்று அவன் அசந்துபோன முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த வாரம் முழுக்கத் தும்பிக்கை லை மட்டும்தான் எழுதினான். நான் தடுக்கவில்லை.

எழுத்துகளில் பாதியாவது தெரிந்த பிள்ளைக்குத்தான் இது. அதற்கு முன்னால் வைத்தால் பெட்டி சும்மா கிடக்கும். வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை, ஏனென்றால் இது விளையாட்டின் வேஷத்தில் இருக்கும் நிஜ எழுத்து. செலவு ஒன்றுதான்: பதில். இரண்டு நாள் பெட்டியைத் திறக்க மறந்தால் மூன்றாம் நாள் சீட்டு வராது. எங்கள் பெட்டி இப்படி ஒருமுறை செத்து, மறுபடி உயிர் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. தப்பு என்னுடையது.

## நீ சொல்லு, நான் எழுதுறேன்

பிள்ளை கதை சொல்லும், நாம் எழுதுவோம், அது படம் வரையும். பிறகு அதையே வாசித்துக் காட்டச் சொல்வோம். கையை ஓரமாக வைத்துவிட்டு மனதில் இருப்பதை மட்டும் தாளுக்குக் கொண்டுவரும் வழி. கை பலவீனமான பிள்ளைக்கும் பயந்த பிள்ளைக்கும் நல்லது. நாலு நாள் கழித்து "தலைப்பை மட்டும் நீ எழுது", அப்புறம் "கடைசி வார்த்தையை நீ எழுது" என்று பென்சிலை மெதுவாகத் தள்ள வேண்டும். தள்ளவே இல்லை என்றால் நாம் நிரந்தரக் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவோம்.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிள்ளை "நாய் ஓடிப் போச்சு, அவன் அழுதுட்டான்" என்று சொல்கிறது. நம் கை தானாக "நாய் ஓடிப்போனது, அவன் அழுதான்" என்று எழுதிவிடும். வாசித்துக் காட்டும்போது பிள்ளை முழிக்கும்: நான் இப்படிச் சொல்லலையே? தன் பேச்சு எழுதத் தகுதியில்லாதது என்று அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த தமிழாசிரியர்கள் சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை, நான் சொன்னது சொன்னபடியே எழுதினேன். "போச்சு" என்றால் போச்சுதான். எழுத்துத் தமிழைப் பள்ளிக்கூடம் எப்படியும் சொல்லிக்கொடுக்கும், இரவுக் கதைகளும் கொடுக்கும். ஆறு வயதில் இரண்டு மலையை ஒன்றாக ஏறச் சொல்ல வேண்டாம்.

## டேப்லெட் ஆப்

சுருக்கமாக. அம்புக்குறி போட்டு எங்கே தொடங்கி எப்படித் திரும்புவது என்று காட்டுவதில் ஆப் நம்மைவிடப் பொறுமைசாலி. கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகிற விரலுக்கு அழுத்தமும் உராய்வும் பழகாது, எழுத்தை முடித்ததும் பூ உதிர்ந்து கைதட்டல் வரும், தாள் கைதட்டாது, அதனால் தாள் முன்னைவிடச் சப்பென்று ஆகிவிடும். நமக்கு வேலை இல்லை என்பது பொய், பிடுங்கி வைக்கும்போது நடக்கிற ரகளையும் நம் வேலைதான். வெளிநாட்டில் வளர்ந்து, பேசத் தெரிந்து, எழுதக் கற்காத அப்பா அம்மாக்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்வேன், ஏனென்றால் அங்கே சொல்லிக்கொடுக்கிற கையே வீட்டில் இல்லை. அங்கேயும் நாளைக்குப் பத்து நிமிடம், உடனே அதே எழுத்து தாளில் ஒருமுறை.

## விளையாட்டு போதாத இடம்

ஏழு வயது தாண்டியும், மாதக்கணக்கில் பழகியும், எழுதினால் கை வலிக்கிறது என்கிறதா? பேச்சில் கெட்டியாக இருந்து எழுத்தில் மட்டும் பெரிய இடைவெளியா? முதலில் கண் பரிசோதனை, பிறகு குழந்தை மருத்துவர். எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியா போன்ற கற்றல் குறைபாடுகளை 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, சோம்பேறி என்று பேர் வைத்துத் தள்ளிப்போட வேண்டாம். இடது கையால் எழுதுகிற பிள்ளையின் கையை மாற்றுவதையும் நிறுத்துங்கள், பல வீடுகளில் அடத்துக்கே காரணம் அதுதான். நோட்டைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் எழுதியது கைக்கு அடியில் மறையாது.

கேட்ட மூன்று பேருக்கும் நான் சொன்னது மூன்று விதம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பித்தான் போடவே தடுமாறுகிறது, அதனால் கோலமாவும் உடைத்த கிரேயானும், நோட்டு இரண்டு மாதத்துக்கு வேண்டாம். ஆபீஸ் நண்பர் வீட்டில் அழிரப்பர் மூன்று நாளைக்கு ஒன்று தீர்கிறதாம், அங்கே மொட்டைமாடித் தண்ணீரும் இரவில் கதை சொல்வதும். ரப்பரை ஒளித்து வைக்கவும் சொன்னேன். தங்கை மகளுக்கு எல்லா எழுத்தும் தெரியும், எழுதத்தான் காரணம் வேண்டும், கடை வைத்துக்கொடு என்றேன். நேற்று போன் செய்தாள். வெங்காயம் கிலோ 300 ரூபாய் என்று போர்டு தொங்குகிறதாம், குறைத்துக் கேட்டதற்கு "பேரம் கிடயாது" என்று தனியாக இன்னொரு போர்டு.